ஆபீஸ் இங்கிலீஷில் வரும் ஐடியம்களை (மரபுத்தொடர்களை) எப்படிப் பிடிப்பது? நாமும் எப்போது பேசலாம்?

வண்ணார்பேட்டைக்காரி

எல்லோருக்கும் வணக்கம். கங்கைகொண்டான் பக்கம் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் சப்போர்ட் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழ் மீடியம், காலேஜில்தான் இங்கிலீஷ். கிராமர் பெரிய சிக்கல் இல்லை. மெயில் எழுதுவேன், கேட்டதற்குப் பதில் சொல்வேன். கஷ்டம் வருவது கிளையன்ட் கால் நடக்கும்போதுதான். நன்றாகப் புரிந்துகொண்டே போகும், திடீரென்று ஒரு தொடர் வந்து விழும். ஒவ்வொரு வார்த்தையும் தெரிந்ததுதான், சேர்த்துப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது.

சமீபத்தில் காதில் விழுந்தவை: 'லெட்ஸ் டச் பேஸ் ஆன் தர்ஸ்டே', 'கேன் யு கிவ் மீ எ பால்பார்க் ஃபிகர்', 'வி ஆர் ஆன் எ ஸ்டிக்கி விக்கெட் ஹியர்', 'லெட்ஸ் டேபிள் இட்'. இந்தக் கடைசித் தொடரில்தான் குழப்பம். லண்டன் கிளையன்ட் அதைச் சொல்லிவிட்டு உடனே அந்த விஷயத்தைப் பேச ஆரம்பித்தார். அமெரிக்கக் கிளையன்ட் அதையே சொல்லிவிட்டு வேறு விஷயத்துக்குப் போய்விட்டார்.

நெட்டில் நூறு ஐடியம், ஐந்நூறு ஐடியம் என்று பட்டியல்கள் கொட்டிக் கிடக்கின்றன. மனப்பாடம் பண்ணினால் போதுமா? நாமும் பேச்சில் சேர்க்க வேண்டுமா, புரிந்தால் மட்டும் போதுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பாளை வாத்தியார்

நல்ல கேள்வி தாயி. பாளையங்கோட்டையில் இங்கிலீஷ் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இந்தச் சந்தேகம் எம்.ஏ. படித்தவர்களுக்கும் உண்டு.

நீ கேட்ட நாலையும் முதலில் பார்த்துவிடுவோம். டச் பேஸ் என்றால் சுருக்கமாக ஒரு தடவை பேசிக்கொள்வது. பால்பார்க் ஃபிகர் என்றால் ஏறக்குறைய ஒரு கணக்கு. இரண்டும் பேஸ்பால் ஆட்டத்தில் பிறந்தவை. அமெரிக்காவிலிருந்து வந்து இப்போது இங்கிலாந்துக்காரர்களும் சொல்கிறார்கள். ஸ்டிக்கி விக்கெட் கிரிக்கெட்டில் பிறந்தது. ஆடுகளத்தை மூடி வைக்கும் வழக்கம் வராத காலத்தில், மழையில் நனைந்து வெயிலில் காய ஆரம்பித்த பிட்சில் பந்து எப்படி எகிறும் என்று யாராலும் சொல்ல முடியாது. பேட்ஸ்மேன் பாடு திண்டாட்டம். அதனால் இக்கட்டான நிலைமைக்கு அந்தப் பெயர்.

டேபிள் விஷயத்தில் உன் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. இங்கிலாந்தில் அதற்கு 'பேச்சுக்கு எடுப்போம்' என்று பொருள். அமெரிக்காவில் 'இப்போதைக்குத் தள்ளி வைப்போம்'. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இரு நாட்டு அதிகாரிகளும் இந்த ஒரு சொல்லால் வெகு நேரம் மோதிக்கொண்டதைச் சர்ச்சிலே எழுதி வைத்திருக்கிறார். இரண்டு தரப்பும் விரும்பியது ஒன்றைத்தான். ஆகவே யார் வாயிலிருந்து வருகிறது என்று பார்க்காமல் பொருள் எடுக்காதே. சந்தேகமாக இருந்தால் 'டு யு மீன் வி டிஸ்கஸ் இட் நவ்?' என்று கேட்டுவிடு. யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

பட்டியல் விஷயத்துக்கு வருகிறேன். பட்டியல் பொருளை மட்டும் சொல்லும். அந்தத் தொடரை யார் யாரிடம் சொல்லலாம், எவ்வளவு கனமான விஷயத்துக்குச் சொல்லலாம் என்பதைச் சொல்லாது. 'கிக் த பக்கெட்' என்றால் சாவது என்று பட்டியலில் இருக்கும். நம்மூரில் துஷ்டி வீட்டுக்குப் போய் 'அப்பா எப்ப மண்டையைப் போட்டாவ?' என்று கேட்போமா? காலமானார், தவறிட்டார், இறைவனடி சேர்ந்தார், மண்டையைப் போட்டார், சோலி முடிஞ்சுது எல்லாவற்றுக்கும் பொருள் ஒன்றுதான். எதை எந்த வாசலில் நின்று சொல்லலாம் என்று நமக்கு யாரும் பாடம் நடத்தவில்லை, கேட்டுக் கேட்டு வந்தது. இங்கிலீஷிலும் அப்படித்தான். கிளையன்ட் வீட்டில் இழவு என்றால் 'பாஸ்ட் அவே' தவிர வேறு எதுவும் எழுதாதே.

இன்னொரு பொறி, தமிழிலிருந்து நேராகப் பொருள் எடுப்பது. 'ஆர் யு புல்லிங் மை லெக்?' என்று ஒருவர் கேட்டால், விளையாட்டுக்குச் சொல்கிறாயா, என்னைச் சீண்டுகிறாயா என்று அர்த்தம். சிரித்துக்கொண்டே கேட்பார். நாம் காலை வாரிவிட்டான் என்றால் நம்ப வைத்துக் கழுத்தறுத்தான் என்ற பொருளும் வந்துவிடும். அதை நினைத்துக்கொண்டு பதறிப்போய் 'நோ சார், நோ சார்' என்று விளக்கம் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 'நாக்டு மீ ஃபார் சிக்ஸ்' என்பதும் அந்த வகைதான். சிக்ஸர் என்றதும் நமக்கு விசில்தான் ஞாபகம் வரும். அந்தத் தொடரில் பேசுகிறவர் அடிபட்ட பவுலர் பக்கம் நிற்கிறார். ஒரு செய்தி அவரை நிலைகுலைய வைத்துவிட்டது என்று பொருள். அதற்குப் போய் 'கங்கிராஜுலேஷன்ஸ்' சொல்லிவிடக் கூடாது.

கல்லிடைக்குறிச்சிப் பொண்ணு

சார் சொன்னதை அப்படியே ஒத்துக்கொள்கிறேன். எங்கள் வேலையில் இது உயிர் போகிற விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். நான் இங்கிலாந்தின் வடக்குப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில், வயதானவர்கள் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். நம்ம பக்கத்திலிருந்து இங்கே வர ஓஇடி (மருத்துவத் துறையினருக்கான இங்கிலீஷ் தேர்வு), ஐஇஎல்டிஎஸ் (பொது இங்கிலீஷ் தேர்வு) படிக்கும் பிள்ளைகள் நிறைய. அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

முதலில் 'சிக்'. நமக்கு சிக் என்றால் உடம்பு சரியில்லை; லீவ் லெட்டர் எழுதிப் பழகிய வார்த்தை. இங்கே ஒரு பாட்டி 'ஐ வாஸ் சிக் இன் த நைட்' என்றால் பெரும்பாலும் ராத்திரி வாந்தி எடுத்தேன் என்கிறார். 'ஐ ஃபீல் சிக்' என்றால் குமட்டுகிறது. அதைப் பொதுவாக உடம்பு சரியில்லை என்று எடுத்துக்கொண்டால் வாந்திக்குக் கொடுக்க வேண்டிய மருந்தும் போகாது, சார்ட்டில் குறிக்க வேண்டியதும் விட்டுப்போகும்.

அடுத்தது 'ஐ ஹேட் எ ஃபன்னி டர்ன்'. இதில் சிரிப்பு எதுவும் கிடையாது. திடீரென்று தலை சுற்றியது, கண் இருட்டியது, ஒரு நிமிஷம் ஒரு மாதிரி ஆகிவிட்டது என்பதைத்தான் இவ்வளவு லேசாகச் சொல்கிறார்கள். இதைக் கேட்டால் உட்கார வைத்து, எப்போது வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, பேச்சு குழறியதா, ஒரு பக்கம் கை கால் தளர்ந்ததா என்று கேட்க வேண்டும். பிரஷர் பார்த்து டாக்டரிடம் சொல்ல வேண்டும். மினி ஸ்ட்ரோக் கூட இந்த வார்த்தைக்குள் ஒளிந்திருக்கலாம். அவர்கள் குரலில் பதற்றமே இருக்காது. தேநீர் குடித்துக்கொண்டே சொல்வார்கள்.

'பின்ஸ் அண்ட் நீடில்ஸ்' என்றால் கை கால் மரத்துப்போய் ஊசி குத்துகிற மாதிரி இருப்பது. 'ஆஃப் மை ஃபுட்' என்றால் சாப்பாடு இறங்கவில்லை. 'ஸ்பெண்ட் எ பென்னி' என்பது பழைய ஆட்கள் பேச்சு. முன்பு பொதுக் கழிப்பறைக் கதவில் ஒரு பென்னி போட்டால்தான் திறக்கும். அதனால் ஒரு அம்மா 'ஐ நீட் டு ஸ்பெண்ட் எ பென்னி, லவ்' என்றால் கைப்பையைத் தேடாதீர்கள், கைத்தாங்கலாகப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போங்கள். வயதானவர்கள் தனியாக எழுந்து போய் விழுவது எந்த வார்டிலும் பெரிய பயம்.

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் 'நாட் டூ பேட்', 'கான்ட் கம்ப்ளெய்ன்' என்பார்கள். பெரும்பாலும் நல்லாருக்கேன் என்றுதான் அர்த்தம். ஆனால் வலியையும் இதே வார்த்தையால் மூடி மறைப்பவர்கள் உண்டு. அதனால் ஜீரோவிலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று எண் கேட்டு வாங்குவோம்.

தங்கச்சி, நீங்கள் கேட்ட கடைசிக் கேள்விக்கு என் பதில்: புரிந்துகொள்ள எவ்வளவு வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளுங்கள், பேச மிகக் குறைவாக எடுங்கள். 'அண்டர் த வெதர்' லேசான காய்ச்சல், ஜலதோஷத்துக்குச் சொல்வது. மாரடைப்பு வந்து படுத்திருப்பவரை அப்படிச் சொன்னால் குடும்பத்தார் மனசு நோகும். 'பிரேக் எ லெக்' மேடையேறுபவருக்குச் சொல்லும் வாழ்த்து. ஆபரேஷனுக்குப் போகிறவரிடம் அதைச் சொல்லலாமா? ரெக்கார்டில் எழுதும்போது நாங்கள் ஐடியமே தொடுவதில்லை. நோயாளி சொன்னதை அவர் வார்த்தையிலேயே மேற்கோளில் போட்டு, பக்கத்தில் மருத்துவப் பொருளை எழுதுவோம்.

ஓஇடி எழுதுகிறவர்களுக்கு: பேச்சுத் தேர்வில் ரெண்டு ரோல் பிளே உண்டு. அங்கே நீங்கள்தான் நர்ஸ், எதிரில் இருப்பவர் நோயாளி. நோயாளிக்கு எளிதாகப் புரிகிற மாதிரி பேசுகிறீர்களா என்று பார்ப்பார்கள். அலங்காரத்துக்கு மார்க் கிடையாது.

நாங்குநேரித் தேர்வர்

அக்கா, சார், நீங்கள் சொல்வதெல்லாம் வேலையில் இருப்பவர்களுக்குச் சரி. மத்திய அரசு வேலைக்கு எஸ்எஸ்சி எழுதுகிற எங்களுக்குப் பட்டியல்தானே கதி? அதில் பட்டதாரிகளுக்கான சிஜிஎல் தேர்வின் இங்கிலீஷில் ஐடியம்ஸ் அண்ட் ஃப்ரேஸஸ் என்றே கேட்கிறார்கள். நாலு பொருள் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். சந்தர்ப்பம், குரல் எல்லாம் பார்க்க அங்கே யாருக்கு நேரம்?

பாளை வாத்தியார்

தம்பி சொல்வது நியாயம். தேர்வுக்குப் பட்டியல் வேண்டும், நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பட்டியலை வாக்கியத்தோடு படி. காரணம் உண்டு. தவறான விடைகளை அமைக்கிறவர்கள், சொல்லுக்குச் சொல் பொருள் எடுப்பவர் எங்கே விழுவார் என்று தெரிந்துதான் அமைக்கிறார்கள்.

'ஹாப்ஸன்ஸ் சாய்ஸ்' தேர்வுகளில் அடிக்கடி தலைகாட்டுவது. சாய்ஸ் என்று இருப்பதால் ரெண்டில் எதை எடுப்பது என்ற தர்மசங்கடம் என்று எழுதிவிடுவார்கள். ஹாப்ஸன் என்பவர் கேம்பிரிட்ஜில் குதிரை லாயம் வைத்து வாடகைக்கு விட்டவர், 1631-ல் இறந்தார். கதவுக்குப் பக்கத்தில் நிற்கும் குதிரையைத்தான் எடுக்க வேண்டும், இல்லையென்றால் குதிரையே கிடையாது என்பது அவர் வைத்த சட்டம். நல்ல குதிரைகளையே எல்லோரும் கேட்டு அவை களைத்துப் போகாமல் இருக்க அப்படிச் செய்தார். கொடுத்ததை எடு, இல்லாவிட்டால் போ என்பதுதான் பொருள். இப்படி ஒரு சம்பவத்தோடு படித்தால் பரீட்சை ஹாலில் தடுமாற மாட்டாய்.

'வொயிட் எலிஃபன்ட்' என்றால் யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை என்று நம்ம பேச்சோடு சேர்த்து வைத்துக்கொள். 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்றால் அத்தி பூத்தாற்போல. 'கோல்ஸ் டு நியூகாசில்' தெரியுமா? டைன் நதிக்கரையில் இருக்கும் நியூகாசில், கப்பல் கப்பலாக நிலக்கரி அனுப்பிய துறைமுகம். அங்கேயே கொண்டுபோய் நிலக்கரி விற்பானேன் என்பது வழக்கு. கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்று தமிழ்நாடெங்கும் சொல்வோம். நமக்கு இன்னும் பக்கத்தில் ஒன்று இருக்கிறது: திருநெல்வேலிக்கே அல்வாவா!

ஒன்று மட்டும் எச்சரிக்கை. பிறந்த கதை என்று நெட்டில் வருவதை எல்லாம் நம்பாதே. கூரை வீட்டு மேலே படுத்திருந்த பூனையும் நாயும் மழைக்கு வழுக்கி விழுந்ததால் 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' வந்தது என்று ஒரு கதை சுற்றுகிறது. ஆதாரம் கிடையாது.

குற்றாலச் சாரல்

மழைத் தொடரைச் சார் எடுத்ததால் சொல்கிறேன். அதை நாம் பள்ளிக்கூடத்தில் முதல் ஐடியமாகப் படிக்கிறோம். இங்கிலாந்தில் இப்போது அதைப் பழைய பேச்சாகத்தான் பார்க்கிறார்கள். 'இட்ஸ் போரிங்' (pouring) என்று கொட்டுகிற மழையைச் சொல்வதே அதிகம்.

அதைவிட முக்கியம், அந்தத் தொடரில் ஒரு விளையாட்டுத்தனம் இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம்ம ஜில்லாக்காரர் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் பயணிகளோடு நின்றுபோனது. ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு தண்ணீரில். ஆள் வேலைக்கு வர முடியவில்லை என்று வெளிநாட்டுக் கிளையன்டுக்குத் தகவல் கொடுக்கும் மெயிலில் 'இட் ஹேஸ் பீன் ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்று போட்டால், குடை மறந்து வந்த கதை மாதிரி ஆகிவிடும். 'சிவியர் ஃப்ளட்ஸ்' என்று நேராக எழுதினால்தான் அவருக்கு நிலைமை உறைக்கும், வேலைக்கெடுவையும் தள்ளிக் கொடுப்பார்.

நான் தென்காசிப் பக்கம் சாஃப்ட்வேரில் இருக்கிறேன். தங்கச்சிக்கு ஒரு யோசனை. வீடியோ மீட்டிங்கில் கேப்ஷனை ஆன் பண்ணி வையுங்கள். காதில் விழாதது எழுத்தில் விழும். மீட்டிங் முடிந்ததும் அந்த வாக்கியத்தை முழுசாக எடுத்து நோட்டில் எழுதுங்கள். யார் சொன்னது, எதற்குப் பதிலாகச் சொன்னது, சொன்ன பிறகு என்ன நடந்தது, இந்த மூன்றையும் பக்கத்தில் குறியுங்கள். டேபிள் விஷயத்தைத் தானாகவே கவனித்த உங்களுக்கு இது எளிதாக வரும். அப்புறம் ஒரு லேர்னர்ஸ் டிக்‌ஷ்னரியில் பாருங்கள். இன்ஃபார்மல், ஓல்டு-ஃபேஷன்ட், பிரிட்டிஷ், அமெரிக்கன் என்று பக்கத்திலேயே குறிப்பு போட்டிருப்பார்கள். பட்டியல்களில் கிடைக்காதது அந்தக் குறிப்புதான்.

உவரிக் கப்பல்காரர்

நான் சரக்குக் கப்பலில் ஆபீசர். எங்கள் பிரிட்ஜில் (கப்பலை இயக்கும் அறையில்) பிலிப்பைன்ஸ், உக்ரைன், இந்தியா, சீனா என்று எல்லா நாட்டு ஆளும் நிற்பான். எல்லோருக்கும் பொது மொழி இங்கிலீஷ்தான், ஆனால் யாருக்கும் அது வீட்டு மொழி கிடையாது. அங்கே ஐடியம் பேசுவது ஆபத்து. அதற்காகவே சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001-ல் கப்பல் பேச்சுக்கென்று நிலையான தொடர்களை வகுத்துக் கொடுத்தது. கேட்கவில்லை என்றால் 'பார்டன்' இல்லை, 'ஸே அகெய்ன்'. மே, மைட், ஷுட், குட் மாதிரி ரெண்டு பொருள் வரக்கூடிய சொற்களைத் தவிர்க்கச் சொல்கிறது. சொல்லப்போவது எச்சரிக்கையா, அறிவுரையா, கேள்வியா என்பதை முதலிலேயே 'வார்னிங்', 'அட்வைஸ்', 'கொஸ்டின்' என்று சொல்லிவிட்டு ஆரம்பிக்கலாம்.

இதில் ஒரு விசித்திரம். இங்கிலீஷ் ஐடியம் பாதி கடலில் பிறந்ததோ என்று எனக்குத் தோன்றும். 'லேர்ன் த ரோப்ஸ்' (வேலையைப் பழகுவது) பாய்மரக் கயிறுகளைப் பழகுவது. 'டேக்கன் அபேக்' (திகைத்துப்போவது) காற்று திடீரென்று எதிர்ப்பக்கமாகப் பாயில் அடித்துக் கப்பலை நிறுத்திவிடுவது. 'பை அண்ட் லார்ஜ்' (பொதுவாகப் பார்த்தால்) கூட காற்றை எதிர்த்தும் காற்றோடும் ஓட்டுவதைச் சொன்ன பேச்சு. 'கிவ் எ வைட் பெர்த்' என்றால் நெருங்காமல் விலகிப் போ. எங்க ஊர்ப் பெரியவர்கள் வள்ளத்துப் பாயையும் வாடைக்காற்றையும் வைத்துப் பேசுகிற பேச்சைக் கேட்டு வளர்ந்தவனுக்கு இதெல்லாம் உடனே ஒட்டிக்கொண்டது.

என் கருத்து: எதிரே இருப்பவருக்கும் இங்கிலீஷ் தாய்மொழி இல்லை என்றால் ஐடியமே வேண்டாம்.

ராதாபுரம் எலெக்ட்ரிக்கல்

அண்ணாச்சி சொல்வதற்கு நானும் சாட்சி. கூடங்குளம் அணுமின் நிலையப் பணியில் ரஷ்யக்காரர்களோடு பேச வேண்டியிருக்கும். நாமும் அவர்களும் இங்கிலீஷைப் படித்துப் பழகியவர்கள். 'வி ஆர் நாட் அவுட் ஆஃப் த வுட்ஸ் எட்' என்று நம்மவர் ஒருவர் சொல்ல, எந்தக் காடு என்று ரஷ்யக்காரர் மொழிபெயர்ப்பாளரைத் திரும்பிப் பார்ப்பார். 'த ப்ராப்ளம் இஸ் நாட் ஃபினிஷ்டு' என்றால் முடிந்தது வேலை.

குற்றாலச் சாரல்

> எதிரே இருப்பவருக்கும் இங்கிலீஷ் தாய்மொழி இல்லை என்றால் ஐடியமே வேண்டாம்.

அண்ணாச்சி, கப்பலிலும் அணு உலையிலும் அது சரி. ஆபீஸில் கொஞ்சம் வேண்டும். 'ஹெட்ஸ்-அப்' (முன்கூட்டியே ஒரு தகவல்), 'கீப் மீ இன் த லூப்' (எனக்கும் தகவல் சொல்லிக்கொண்டிருங்கள்), 'ஆன் த சேம் பேஜ்' (ஒரே புரிதலில்), 'ஆன் ட்ராக்' (திட்டப்படி) மாதிரி ஏழெட்டுத் தொடர்கள் இப்போது தேய்ந்து சாதாரண வார்த்தை ஆகிவிட்டன. ஜெர்மன்காரரும் ஜப்பான்காரரும் அதைச் சொல்கிறார்கள். அவற்றை அறவே ஒதுக்கினால் மெயில் விறைத்துக்கொண்டு நிற்கும். வர்ணனை நிறைந்தவை, நாயும் பூனையும் வாளியும் வருபவை, அவற்றை விட்டுவிடலாம்.

வண்ணார்பேட்டைக்காரி

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கல்லிடைக்குறிச்சி அக்கா எழுதியதை அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். என் சித்தி மகள் ஓஇடி எழுதப் போகிறாள், அவளுக்கும் அனுப்பிவிட்டேன்.

ரெண்டு சின்னக் கேள்வி. 'டு த நீட்ஃபுல்' (வேண்டியதைச் செய்யவும்) என்று எழுதக் கூடாது என்று டீம் லீட் சொல்கிறார். எங்க அப்பா தாலுகா ஆபீஸில் காலமெல்லாம் அதைத்தான் எழுதினார். அது தப்பா? அப்புறம் ஐஇஎல்டிஎஸ்ஸில் ஐடியம் போட்டால் மார்க் கூடும் என்கிறார்களே, உண்மையா?

பாளை வாத்தியார்

உங்க அப்பா எழுதியது தப்பே இல்லை தாயி. அது இங்கிலாந்திலிருந்து வந்த பேச்சுதான். அங்கே வழக்கொழிந்தது, இங்கே அரசாங்கக் கடிதங்களில் நிலைத்துவிட்டது. 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' (வெளியூரில் இருப்பது) கம்பெனி காலத்து ராணுவ முகாம்களின் மிச்சம். 'ப்ரீபோன்' (முன்கூட்டி வைப்பது) நம்மவர் பேச்சில் பரவியது, நல்ல சொல், டிக்‌ஷ்னரியிலும் ஏறிவிட்டது. இந்தியாவுக்குள் தாராளமாக எழுதலாம். வெளிநாட்டுக்காரருக்கு எழுதும்போது சிக்கல் வேறு: 'நீட்ஃபுல்' என்றால் எது நீட்ஃபுல் என்று அவருக்குத் தெரியாது. என்ன செய்ய வேண்டும் என்பதையே எழுதிவிடு. 'பாஸ்ட் அவுட்' மட்டும் கவனம். 2022-ல் பாஸ்ட் அவுட் ஆனேன் என்றால் அவர்களுக்கு மயங்கி விழுந்தாய் என்றுதான் படும். 'கிராஜுவேட்டட்' என்று சொல்.

ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வில் நாலு அளவுகோல்: சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. சொல்வளத்தில் பேண்ட் ஏழுக்கான வரையறையில் 'இடியமேட்டிக்' என்ற சொல் வருகிறது. அதைப் பிடித்துக்கொண்டு சில கோச்சிங் சென்டர்களில் பழமொழி மனப்பாடம் பண்ணச் சொல்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு அங்கே இயல்பான வழக்கு என்று பொருள். 'ஹெவி ரெயின்', 'மேக் எ டெசிஷன்', 'கெட் ஆன் வெல் வித்' என்று சேர வேண்டிய சொல்லோடு சொல் சேர்ந்து வருவதும் அதில் அடக்கம். கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் ஐடியத்தைத் திணித்தால் பொருந்தாத சொல் என்று கணக்கில் வரும். எழுத்துத் தேர்வின் கட்டுரையில் வேண்டவே வேண்டாம்.

வண்ணார்பேட்டைக்காரி

சரி சார். அப்படியென்றால் இதைப் பாருங்கள். லண்டன் கிளையன்டுக்கு அனுப்ப இன்று எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை:

'டியர் சார், ஜஸ்ட் டச்சிங் பேஸ் அபௌட் த அப்கிரேட். அவர் டீம் பர்ன்ட் த மிட்நைட் ஆயில் அண்ட் த டெஸ்டிங் வாஸ் எ பீஸ் ஆஃப் கேக். நவ் த பால் இஸ் இன் யுவர் கோர்ட். கைண்ட்லி டு த நீட்ஃபுல்.'

குற்றாலச் சாரல்

அனுப்பாமல் இங்கே போட்டது நல்லது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ராத்திரி முழுக்க உழைத்தோம் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு, ரொம்ப எளிதாக முடிந்தது என்று அடுத்த வரியில் சொல்கிறீர்கள். ரெண்டும் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. பீஸ் ஆஃப் கேக் என்றால் அவ்வளவு எளிதான வேலைக்கா இவ்வளவு பில் என்று அவர் நினைக்கலாம். மிட்நைட் ஆயில் என்றால் ஆள் பற்றாக்குறையோ, திட்டமிடல் சரியில்லையோ என்று நினைக்கலாம். பொருளளவில் ரெண்டும் சரி, இடம்தான் சரியில்லை.

'த பால் இஸ் இன் யுவர் கோர்ட்' பேச்சுவார்த்தையில் விறைப்பாக நிற்கும்போது வருவது. நான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன், இனி உன் பாடு என்ற தொனி இருக்கிறது. பணம் கொடுக்கிறவரிடம், வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர் அதைச் சொல்ல வேண்டாம்.

என் யோசனை: 'ஹலோ' போட்டு அவர் பெயர். பிறகு 'ஜஸ்ட் எ குவிக் ஹெட்ஸ்-அப்: த அப்கிரேட் ஹேஸ் பாஸ்ட் ஆல் டெஸ்ட்ஸ். வி கேன் கோ லைவ் திஸ் சாட்டர்டே. குட் யு கன்ஃபர்ம் பை தர்ஸ்டே நூன், லண்டன் டைம்?' அவ்வளவுதான்.

கல்லிடைக்குறிச்சிப் பொண்ணு

லண்டன் டைம் என்று போட்டது நல்லது. மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் கடைசி வரை இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள். அப்போது நமக்கும் இவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம், மற்ற மாதங்களில் ஐந்தரை.

வண்ணார்பேட்டைக்காரி

சாரல் அண்ணாச்சி சொன்ன மாதிரியே அனுப்பினேன். பதிலும் வந்துவிட்டது: 'பிரில்லியன்ட், வி ஆர் குட் டு கோ. ஃபிங்கர்ஸ் கிராஸ்ட் ஃபார் சாட்டர்டே!' சம்மதம் சொல்கிறார், நல்லபடியாக முடியட்டும் என்கிறார், சரிதானே? பதிலுக்கு நானும் ஃபிங்கர்ஸ் கிராஸ்ட் என்று எழுதலாமா?

பாளை வாத்தியார்

சரியாகப் பிடித்துவிட்டாய். ஆனால் நீ எழுத வேண்டாம். அவர் வாடிக்கையாளர், நல்லது நடக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளலாம். வேலையைச் செய்து கொடுக்கிற நீயும் அதையே சொன்னால், இவளுக்கே நம்பிக்கை இல்லையோ என்று படும். 'தேங்க் யு. ஐ வில் சென்ட் யு அன் அப்டேட் ஆன் சாட்டர்டே ஈவ்னிங்' என்று எழுது. சனிக்கிழமை சாயங்காலம் மறக்காமல் அனுப்பு.

நாங்குநேரித் தேர்வர்

சார், 'டு டேக் த புல் பை த ஹார்ன்ஸ்' அடுத்து எடுத்திருக்கிறேன். பிரச்சினையை நேருக்கு நேர் சந்திப்பது என்று போட்டிருக்கிறது. நம்ம பக்கம் சேர்த்து வைத்துக்கொள்ள ஏதாவது உண்டா?

பாளை வாத்தியார்

அதற்கு இணை தேட வேண்டாம் தம்பி, மாட்டுப் பொங்கல் பார்த்தவனுக்கு அந்தப் படம் அப்படியே புரியும். ஒன்றை மட்டும் குறித்துக்கொள்: ஹார்ன்ஸ் பன்மை. 'ஹார்ன்' என்று ஒருமையில் எழுதினால் தவறு. பிழை கண்டுபிடிக்கும் பகுதியில் இதை வைத்துக் கேட்க வாய்ப்புண்டு. 'ஹெட்ஸ்-அப்', 'ஃபிங்கர்ஸ் கிராஸ்ட்', 'பின்ஸ் அண்ட் நீடில்ஸ்' எல்லாவற்றிலும் உள்ளே வரும் பெயர்ச்சொல் பன்மையில்தான் இருக்கிறது, மேலே திரும்பிப் பார்.